குழாயிலிருந்து வந்த மருந்து

"தாவரப் பொருள் எதையும் பிரித்தெடுக்கும்போது, அதே கரைப்பான், அதே பாத்திரம், அதே படிமுறை கொண்டு, தாவரம் மட்டும் இல்லாமல் ஒரு வெற்றுச் சோதனை செய்யப்பட வேண்டும். அதன் முடிவு பதிவேட்டில் ஒட்டப்பட வேண்டும்."

எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடக் கைந்நூலில் இது ஏழாவது விதி. எழுதியவன் நான். ஒவ்வொரு புதிய அணி மாணவருக்கும் முதல் திங்கட்கிழமை இதை உரக்க வாசித்துக் காட்டியவனும் நானே. "தாவரம் மட்டும் இல்லாமல்" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் அவர்களைப் பார்ப்பேன். விதி எழுதுகிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. எழுதியவன் கடைப்பிடிப்பான் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். கொஞ்சக் காலத்தில் அவனும் நம்பிவிடுவான்.

சேதன இரசாயனம் என் தொழில். செடிகளுக்குள் மருந்து தேடுவது அதில் என் பகுதி. கேட்க அழகாக இருக்கும். உண்மையில் அது இலை காயவைக்கும் வேலை. ஒரு சாக்கு இலையை நிழலில் காயவைத்து, இடித்து, கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, கரைப்பானை ஆவியாக்கினால் அடியில் கரும்பச்சை நிறத்தில் ஒரு பசை மிஞ்சும். அதைக் கண்ணாடிக் குழலில் நிரப்பிய வெள்ளைத் தூளின் வழியே மெல்ல இறக்கி, துளித்துளியாகச் சிறு போத்தல்களில் பிடித்தால், எங்கோ ஒரு போத்தலில் ஒரு தனிப் பொருள் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பெரும்பாலும் இல்லாமல்தான் போகும். முப்பத்தைந்து வருடம் இதைச் செய்தேன். என் சட்டையில் இருந்த மணத்தை வைத்து, அன்று எந்தக் கரைப்பான் ஓடியது என்று என் மனைவி சொல்லிவிடுவாள்.

அரியாலையில் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு இது விளங்கவில்லை. மருந்து இரசாயனம் படித்தவர் என்றால் மருந்து தெரிந்தவர் என்பது அவர்கள் கணக்கு. "சேர், சீனி வருத்தத்துக்கு எந்த இலை நல்லது?" என்று படலையில் நின்று கேட்பார்கள். "டொக்டர் தாற குளிசையைப் போடுங்கோ" என்றால், நான் ஏதோ இரகசியத்தை ஒளிக்கிறேன் என்று முகம் சுருங்கிப் போவார்கள்.

இனிக் குழாய்க்கு வருகிறேன்.

பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் எங்களுக்குக் கரைப்பான் வருவது அரிது. வந்ததை ஒருமுறை பாவித்துவிட்டு ஊற்றிவிடுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. பாவித்ததைத் திரும்பக் காய்ச்சி வடித்துத் திரும்பவும் பாவிப்போம். ஒருநாள் வடிகலனின் கண்ணாடி முனை உடைந்துவிட்டது. ஆய்வுகூட உதவியாளர் சண்டிலிப்பாய்க்காரர். என்னைவிட மூத்தவர். காலையில் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டு, வேட்டியைக் களைந்து காற்சட்டையைப் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கு வேலைக்கு வந்துவிடுவார்.

"சேர், முனை போச்சுது. கொழும்பிலை இருந்து எப்ப வரும்?"

"சண்டை முடிஞ்சாப் பிறகு வரும் அண்ணை."

"அப்ப நான் ஒரு வேலை பாக்கிறன்."

அடுத்த நாள் அவர் கொண்டுவந்தது, மேசன்மார் சுவருக்கு மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் தெளிந்த பிளாஸ்ரிக் குழாய். அவருடைய தம்பி மேசன். உடைந்த முனையில் மாட்டிக் கம்பியால் இறுக்கிவிட்டார்.

"ஒழுகுமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஒரு சொட்டும் ஒழுகாது, சேர்."

ஒழுகவில்லை. கரைப்பான் குழாயைவிட்டு வெளியே போகுமா என்று கேட்ட நான், குழாயில் உள்ளது கரைப்பானுக்குள் போகுமா என்று கேட்கவில்லை. அந்த மாதிரிக் குழாய் வளைவதற்காக அதற்குள் ஓர் எண்ணெயைச் சேர்த்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. நான் விரிவுரையில் படிப்பித்த விஷயம்.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்தது. கண்ணாடி வாங்கப் பணமும் வந்தது. குழாய் மட்டும் போகவில்லை. பழுதானால் அதே கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கி மாட்டினோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். "இல்லாமையிலும் நாங்கள் எப்படி வேலை செய்தோம் பாருங்கள்" என்பேன். அவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். இல்லாமை முடிந்து பல வருடமாகியும் அதன் பெருமையைக் கழற்றிவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அவள் முதுதத்துவமாணி ஆய்வுப் பட்டத்துக்கு என்னிடம் வந்தாள். குருநகர்ப் பிள்ளை. தகப்பனும் இரண்டு தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் அவள். கை மிகச் சுத்தம். பதிவேட்டில் அவள் எழுத்தைப் பார்த்தால், பிழை விட்டாலும் அழகாகத்தான் விடுவாள் போலிருக்கும்.

அவளுக்கு நான் கொடுத்தது ஒரு வேலிச் செடி. செடியின் பெயரை எழுதமாட்டேன். அது பட்ட அவமானம் போதும். ஒன்பதாவது போத்தலில் இருந்த எண்ணெய் போன்ற பொருளைத் தொட்டு வைத்த இடத்தில் பக்டீரியா வளரவில்லை. சுற்றிவரத் தெளிந்த வளையம். அவள் துள்ளவில்லை. நான்தான் துள்ளினேன். வெளிநாட்டில் இருந்த என் பழைய நண்பனுக்கு மாதிரியை அனுப்பி நிறமாலைகள் எடுப்பித்தேன்.

திணிவு நிறமாலையில் எல்லாவற்றுக்கும் மேலாக உயர்ந்து நின்ற கோட்டின் எண் நூற்று நாற்பத்தொன்பது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண் தெரியும். பிளாஸ்ரிக்கை மென்மையாக்கும் எண்ணெய் ஆய்வுகூடத்துக்குள் புகுந்துவிட்டது என்று சொல்லுகிற எண் அது. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. "தெரியாமல் நடந்த பிழை" என்று பிறகு பலர் எனக்கு உதவ வந்தார்கள். ஆகையால் இதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன். பார்த்தவுடன் தெரிந்தது.

எனக்கு ஒரு மறைப்புக் கிடைத்தது. இதே பொருளை இதற்கு முன்னும் பலர் பல செடிகளில் "கண்டுபிடித்து" அச்சேற்றியிருந்தார்கள். அவர்களுடைய ஆய்வுகூடங்களிலும் குழாய்கள் இருந்திருக்கும். நான் அவர்களை வரிசையாக மேற்கோள் காட்டி, எங்கள் வேலிச் செடியையும் அந்த வரிசையில் நிறுத்தினேன். பேராசிரியர் பதவிக்கு என் விண்ணப்பம் போயிருந்த காலம். ஒரு கட்டுரை குறைந்திருந்தது.

கட்டுரையை அனுப்பிய மூன்றாம் நாள், சனிக்கிழமை, அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில், கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்துக் காட்டும் விரல் நீளத் தகடு ஒன்று. புறஊதா விளக்கின் கீழ் வைத்தாள்.

"சேர், ஒருக்கா இதைப் பாருங்கோ."

"என்ன பிள்ளை?"

"இடப்பக்கம் எங்கடை ஒன்பதாவது. வலப்பக்கம் இலை போடாதது. வெறும் கரைப்பான் ரெண்டு லீற்றரை ஆவியாக்கினன்."

இரண்டு லீற்றர் கரைப்பானை ஆவியாக்கினால் அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தது. இரண்டு கறுப்புப் புள்ளிகள், ஒரே உயரத்தில். இரண்டும் ஒரே பொருள்.

"தகடு பழசா இருக்கும்."

"புதுப் பெட்டி, சேர். நேற்று உடைச்சது."

"பாத்திரம் கழுவினது காணாது."

"மூண்டு தரம் கழுவினனான். பிறகு அந்தக் குழாயைக் கழட்டிப்போட்டு, முழுக்கக் கண்ணாடியாலை வடிச்சுப் பாத்தன். அப்ப புள்ளி வரேல்லை."

நான் நுழைந்து தப்ப அவள் ஓர் இடுக்கும் விடவில்லை. நல்ல ஆய்வாளர் அப்படித்தான் செய்ய வேண்டும். அப்படிச் செய்யப் பழக்கியவனும் நான்தான்.

"இதை இப்ப ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம். கட்டுரை போயிட்டுது."

"திருப்பிக் கேக்கலாம்தானே, சேர்?"

"கேட்டா அவையள் என்ன நினைப்பினம்?"

"பிழை பிடிச்சதெண்டு நினைப்பினம்." பிறகு, "ஏழாவது விதி, சேர்" என்றாள். நக்கல் இல்லை. எனக்கு ஞாபகம் வரவில்லையாக்கும் என்று நினைத்துச் சொன்னாள்.

தகட்டை நான் வாங்கி மேசை இலாச்சியில் வைத்துக்கொண்டேன்.

தகடு இல்லாவிட்டாலும் தன் ஆய்வேட்டில் அந்த முடிவை எழுதுவேன் என்று அவள் நின்றாள். கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். கடைசியில், தொழில்நுட்ப உதவிக்கு நன்றி என்று ஒரு வரி போட்டேன். ஆய்வேட்டைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. நடைமுறை தெரிந்தவனுக்கு வழி கிடைக்காமல் போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் முன்னேற்ற அறிக்கை அனுப்ப வேண்டும். அடுத்தடுத்து இரண்டு அறிக்கைகளில் "திருப்தியில்லை" என்றிருந்தால் பதிவு தானாகவே இரத்தாகும். காரணம் எழுத வேண்டிய கட்டம்கூட அதில் இல்லை. இரண்டு முறையும் "திருப்தியில்லை" என்று எழுதினேன். பொய் ஒன்றும் எழுதவில்லை, திருப்தி என்னுடையதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரத்துக் கடிதம் வந்த அன்று அவள் அலுமாரித் திறப்பு, பதிவேடு, மேலங்கி எல்லாவற்றையும் உதவியாளர் அண்ணையிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். அண்ணை அன்று என்னுடன் கதைக்கவில்லை. பின்னேரம் மட்டும் என் அறைக்குள் தலையை நீட்டி, "சேர், அந்தப் பிள்ளை குழாயை ஏன் கழட்டினது?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். "என்ரை குழாயிலை பிழையோ எண்டுதான் கேட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டுரை வந்தது. பதவி வந்தது. பொன்னாடை வந்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அதைச் செய்தியாகப் போட, ஒழுங்கையில் இருந்தவர்கள் அந்தச் செடியைத் தேடி வெட்டி அவித்துக் குடித்தார்கள். "நல்ல குணம் தெரியுது சேர்" என்று முன்வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் சொன்னார். செடி பாவம். அதற்கும் அவருடைய குணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இளைப்பாறும்போது இலாச்சியில் இருந்தவற்றை ஓர் உறைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தகடும் அதற்குள் வந்தது. எறிந்திருக்கலாம். எறியவில்லை என்பதை என் நேர்மைக்குச் சாட்சியாக வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

போன ஒக்ரோபரில் தொலைபேசி அடித்தது.

"சேர், நான்தான் கதைக்கிறன். குருநகர்."

பத்து வருடத்துக்கு மேல். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் இப்போது பருத்தித்துறையில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறாள். திரும்பவும் முதுதத்துவமாணிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். புதிய மேற்பார்வையாளர் சம்மதித்துவிட்டார். கல்வித் திணைக்களம் ஜனவரியிலிருந்து இரண்டு வருடக் கல்வி விடுப்புத் தந்திருக்கிறது. அதற்கு மூன்று வருடம் காத்திருந்தாளாம். பதிவுக் கடிதத்தை டிசம்பர் முப்பத்தோராம் திகதிக்குள் காட்டாவிட்டால் விடுப்பு இல்லை, வரிசையில் பின்னுக்குப் போக வேண்டும்.

"படிவத்திலை ஒரு கட்டம் இருக்குது சேர். முந்தின பதிவு ஏன் இரத்தானது எண்டு பழைய மேற்பார்வையாளர் எழுத வேணும்."

"ஓம்."

"குடும்பக் காரணம் எண்டு எழுதிவிடுங்கோ. ஒரு வரி காணும். எனக்குப் பதிவுதான் வேணும்."

படிவம் தபாலில் வந்தது. அந்த ஒரு வரிக் கட்டத்தை நான் அரைநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதி, நான்கு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். குழாய், எண், தகடு, இரண்டு அறிக்கைகள். தகட்டையும் பஞ்சில் சுற்றி வைத்தேன். கட்டுரையைத் திரும்பப் பெறும்படி சஞ்சிகைக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்.

மனைவி நான்கு பக்கத்தையும் நின்றபடியே வாசித்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை கேட்டது உதோ?"

"உண்மையைத்தானே எழுதியிருக்கிறன்."

"உண்மைக்குப் பத்து வருசம் லீவு குடுத்து வைச்சிருந்தனீங்கள். இன்னும் ரெண்டு மாசம் குடுத்தா என்ன?"

நான் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். மீன் குழம்பு, இரண்டாம் முறையும் சோறு. செய்தவை எல்லாவற்றிலும் அந்தச் சாப்பாட்டை நினைத்தால்தான் எனக்கு இப்போது அதிகம் கூசுகிறது.

ஒரு விண்ணப்பத்தோடு ஆய்வு நேர்மை பற்றிய முறைப்பாடு ஏதும் சேர்ந்து வந்தால், விசாரணை முடியும்வரை அந்த விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட வேண்டும். இது பட்டமேற்படிப்புக் குழுவின் விதி. குழுவுக்கு நான் தலைவராக இருந்தபோது சேர்க்கப்பட்டது. விதி எனக்கு ஞாபகம் இருந்தது. என் கடிதம் என் பெயரில் தனிக் கோப்பாகத் திறக்கப்படும் என்று நினைத்தேன். அவளுடைய படிவத்தோடு ஊசி குத்தி அனுப்பியவன் நானே என்பதை யோசிக்கவில்லை. அவளுடைய விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது.

நவம்பர் மழையில் அவள் பஸ்ஸில் வந்து இறங்கி, குடையைப் படலையில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். மனைவி துவாய் கொடுத்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள்.

"நான் கேட்டது ஒரு வரி, சேர்."

"உன்னிலை பிழை இல்லையெண்டு அவைக்குத் தெரிய வேணும் பிள்ளை."

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதுக்கு மேலை ஆருக்குத் தெரிய வேணும்?"

அவள் துவாயை மடித்துக் கதிரையில் வைத்தாள்.

"எங்கடை கோயிலிலை பாவசங்கீர்த்தனம் எண்டு ஒண்டு இருக்கு. செய்த பாவத்தைச் சொல்ல, பங்குச் சுவாமி இருந்து கேப்பார். கேட்டுப்போட்டு அபராதம் குடுப்பார். ஆனா பாவம் செய்த ஆளுக்குத்தான் குடுப்பார், சேர். பக்கத்து வாங்கிலை இருக்கிற ஆளுக்குக் குடுக்கமாட்டார்."

மனைவி அறைக்குள் போய்விட்டாள்.

"கடிதத்தைத் திருப்பி எடுக்கிறன்."

"எடுங்கோ. அதையாவது எனக்காகச் செய்யுங்கோ."

அடுத்த நாள் காலையில் பல்கலைக்கழக அலுவலகத்தில் நின்றேன். உதவிப் பதிவாளர் என்னிடம் படித்தவர். கதிரை போட்டு இருத்தினார்.

"எடுக்கலாம் சேர். அதுக்கு ஒரு படிவம் இருக்கு. ஆனா எடுத்தா, ஏன் எடுத்தது எண்டும் விசாரிக்க வேணும். அது இன்னும் நீளும்."

"ஆர் போட்ட விதி இது?"

சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைக் கண்டேன்.

ஆகவே விசாரணையை விரைவாக்க முயன்றேன். யாரிடம் போக வேண்டும், எந்தக் கூட்டத்துக்கு முன் எந்தக் கோப்பு மேசைக்கு வர வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அத்தனையும் செய்தேன். மூன்று பேர் கொண்ட குழு டிசம்பர் முதல் வாரத்திலேயே கூடியது. எல்லோரும் என் பின்னால் வந்தவர்கள். கவனக்குறைவு என்று எழுதலாமா, சூழ்நிலைப் பிழை என்று எழுதலாமா என்று மரியாதையோடு கேட்டார்கள். வேண்டாம், தெரிந்து செய்தது என்று எழுதுங்கள் என்றேன். அது அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடம் தீர இன்னொரு அமர்வு வைத்தார்கள். பிறகு அந்த அமர்வின் குறிப்பை உறுதிப்படுத்த ஒரு கூட்டம் வேண்டியிருந்தது. பிறகு நத்தார் விடுமுறை வந்தது.

அவள் கல்வி அலுவலகத்துக்கு மூன்று தரம் போனாள். ஒரு மாதத் தவணை கேட்டாள். கடிதம் இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்றார்களாம். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. அடுத்தவரும் மூன்று வருடம் காத்திருந்தவராக இருக்கும்.

முப்பத்தோராம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "லீவு போச்சுது சேர். திங்கள் பள்ளிக்கூடம்."

"மன்னிக்க வேணும்" என்று அடித்து, அழித்து, திரும்ப அடித்து அனுப்பினேன். அதற்கு அவள் ஒன்றும் எழுதவில்லை. இன்றுவரை எழுதவில்லை. மனைவி நத்தாருக்கு அவளுக்கென்று வாங்கிவைத்த சேலை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க மனைவிக்கும் முகம் இல்லை.

சஞ்சிகையிலிருந்து மின்னஞ்சல் கிடைத்தது என்று இயந்திரம் எழுதிய குறிப்பைத் தவிர வேறொன்றும் வரவில்லை. குழுவின் பதில்தான் வந்தது. பழுப்பு உறை, ஒரு பக்கம், நல்ல தமிழ். என் இரண்டு அறிக்கைகளும் செல்லாதவையாக்கப்படுகின்றன. அவளுடைய முந்தைய இரண்டு வருட வேலை முழுதாகக் கணக்கில் எடுக்கப்படும். முழுநேர மாணவியாக அவளைப் பதிவு செய்வதில் குழு மகிழ்ச்சியடைகிறது. பிரதி அவளுக்கும் அனுப்பப்பட்டுள்ளது.

ஒரு பிழையும் இல்லாத கடிதம். அவளிடம் இல்லாத அந்த முழுநேரத்தை மட்டும்தான் அதால் கொடுக்க முடியவில்லை. உறையைத் தபால்காரரிடம் கையெழுத்திட்டு வாங்கினேன், ஜனவரி பன்னிரண்டாம் திகதி, காலை பதினொரு மணியளவில், அவள் பருத்தித்துறையில் வகுப்பில் நின்றிருக்கக்கூடிய நேரத்தில்.